அபேட்சகரும் அவர்தம் சமயமும்

தேர்தலில் நிற்கும் ஒருவரை நோக்கி, "உமது சமயம் யாது?" என்று வினவுவதும், "சமயத்துக்கும் அரசுக்கும் இடையே இருக்க வேண்டிய தொடர்பு பற்றி உமது கொள்கை யாது?" என்று வினவுவதும் ஒன்றாகுமா? மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சற்று ஆராய்வோமாயின், இவை முற்றிலும் வேறான இரு வினாக்கள் என்பது புலனாகும். முதலாவது, ஒருவரின் பிறப்பையும் உள்ளத்தையும் பற்றியது. இரண்டாவது, அவர் கையில் அதிகாரம் சேர்ந்தால் அதனை எவ்வாறு பயன்படுத்துவார் என்பதைப் பற்றியது. முதல் வினாவுக்குக் கிடைக்கும் விடையை மாத்திரம் கொண்டு வாக்களிப்பவர், தம் அயலார் ஒருவரின் குடியுரிமையைக் குறைத்து மதிக்கிறார். இரண்டாவது வினாவைக் கேளாமலே வாக்களிப்பவர், தம் சொந்த உரிமையைக் காவலின்றி விட்டுவிடுகிறார்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜனாதிபதித் தேர்தல்கள் நல்ல சான்றாக அமைகின்றன. அந்நாட்டில் அபேட்சகர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வினாக்களுக்கு முகங்கொடுத்து வந்துள்ளனர். சிலர் மௌனம் சாதித்தனர். சிலர் பத்திரிகையில் எழுதினர். ஒருவர், தம்மை ஐயுற்ற போதகர்களின் சபைக்கே நேரிற் சென்று விடை பகர்ந்தார். அவர்கள் கூறியவற்றையும், பதவிக்கு வந்த பின் செய்தவற்றையும் ஒப்புநோக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் அந்நாட்டுச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1787ஆம் ஆண்டில் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரை, ஐக்கிய நாட்டின் எந்தப் பதவிக்கும் சமயப் பரீட்சை எதுவும் தகைமையாக விதிக்கப்படலாகாது என்கிறது. இங்கிலாந்தில் அக்காலத்தில் அரசாங்கப் பதவி வகிக்க விரும்பியோர் அரச திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெற்றமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், இவ்விதியின் புதுமை விளங்கும். அடுத்து, 1791இல் நிறைவேறிய முதலாவது திருத்தம், சமயம் ஒன்றை நிறுவுகின்ற சட்டத்தையோ, சமய அனுட்டானத்தைத் தடைசெய்கின்ற சட்டத்தையோ காங்கிரஸ் சபை இயற்றலாகாது என விதித்தது. இவ்விரு தடைகளுள் ஒன்று அரசை ஒரு சமயத்தின் கருவியாகாமற் காக்கிறது. மற்றது சமயத்தை அரசின் கைப்பிடிக்குள் அகப்படாமற் காக்கிறது.

அரசுக்கும் சமயத்துக்கும் நடுவே மதில் ஒன்று உண்டு என்ற உவமையை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இம்மதிலை முதலில் விரும்பியவர்கள் சமயத்தை வெறுத்தவர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு விதமாக உள்ளது. 1635ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்திலிருந்து ரொஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர் வெளியேற்றப்படத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஒருவனுடைய மனச்சாட்சியை ஆளும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை என்று அவர் போதித்தமை அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. மறு ஆண்டு அவர் பிறொவிடென்ஸ் என்னும் ஊரை நிறுவினார். 1644இல் எழுதிய ஒரு நூலில், திருச்சபையை ஒரு தோட்டமாகவும் உலகை ஒரு காடாகவும் உருவகித்து, இரண்டுக்கும் நடுவே வேலி தகர்ந்தமையாலேயே தோட்டம் காடாயிற்று என வருந்தினார். அரசு கைவைத்தாற் சமயம் கெடும் என்பதே அவருடைய அச்சம்.

இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளின் பின், வேர்ஜீனியா மாநிலத்தில் இதே வழக்கு வேறு வடிவில் எழுந்தது. கிறித்தவ போதகர்களின் சம்பளத்துக்காக மக்களிடம் வரி அறவிட வேண்டும் என்று பற்றிக் ஹென்றி என்னும் பெரும் நாவலர் மசோதா ஒன்றை ஆதரித்து நின்றார். எவர் தாம் விரும்பிய சபைக்கே அவ்வரியைக் கொடுக்கலாம் என்ற சலுகையும் அதில் இருந்தது. அவ்வாறிருந்தும், ஜேம்ஸ் மடிசன் 1785இல் அதனை எதிர்த்து ஒரு விண்ணப்பம் வரைந்தார். இன்று எல்லாக் கிறித்தவ சபைகளுக்கும் பொதுவாக ஒரு சமயத்தை நிலைநாட்டும் அதே அதிகாரம், நாளை அவற்றுள் ஒன்றை மாத்திரம் நிலைநாட்ட மாட்டாதா என்பது அவர் வாதத்தின் சாரம். பப்ரிஸ்து சபையார் போன்ற சிறுபான்மைக் கிறித்தவர்கள் அவருக்குத் துணை நின்றனர். மசோதா வீழ்ந்தது, 1786இல் தொமஸ் ஜெபர்சன் வரைந்திருந்த சமய சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. ஆகவே, மதிலைக் கட்டியவர்கள் இரு சாரார்: பகுத்தறிவை நம்பிய அரசறிஞர் ஒரு சாரார்; தங்கள் பக்தியை அரசின் தீண்டுதலிலிருந்து காக்க விரும்பிய அடியார்கள் மறு சாரார்.

இனித் தேர்தல்களுக்கு வருவோம். 1800ஆம் ஆண்டில் ஜெபர்சன் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் நாத்திகர் என்றும், அவர் வென்றால் வேதாகமத்தை மறைத்து வைக்க வேண்டிவரும் என்றும் எதிர்க்கட்சியினரும் போதகர்கள் சிலரும் மக்களை அச்சுறுத்தினர். ஜெபர்சன் தம் நம்பிக்கை யாதெனப் பகிரங்கமாக விளக்க முன்வரவில்லை. ஒருவர் தம் சமயக் கொள்கைக்கு இறைவனுக்கன்றி அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது அவர் நிலை. அவர் வென்றார். 1802 ஜனவரி முதலாந் திகதி, கொனற்றிக்கட் மாநிலத்து டான்பெரி நகரப் பப்ரிஸ்து சங்கத்தாருக்கு எழுதிய மறுமொழியில், முதலாவது திருத்தம் திருச்சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிக்கும் மதிலொன்றை எழுப்பியுள்ளது என்று குறித்தார். அம்மாநிலத்தில் அன்று வேறொரு சபையே சட்டத்தால் நிறுவப்பட்டிருந்தது. முதலாவது திருத்தம் அக்காலத்தில் மத்திய அரசை மாத்திரமே கட்டுப்படுத்தியமையால், கொனற்றிக்கட்டில் 1818 வரையிலும் மசாச்சுசெற்சில் 1833 வரையிலும் அரச சபை நீடித்தது. நாத்திகர் என்று தூற்றப்பட்ட ஜனாதிபதியிடம் பக்தி மிகுந்த சிறுபான்மையார் ஆதரவு நாடி எழுதியமை ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அயர்லாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர் இலட்சக் கணக்கிற் குடியேறினர். அதனோடு புதிய ஐயமொன்று பிறந்தது. நாட்டின் பொதுப் பாடசாலைகளில் அந்நாளிற் புரட்டஸ்தாந்தர் பயன்படுத்திய வேதாகம மொழிபெயர்ப்பே வாசிக்கப்பட்டது. பெயரளவில் அவை சமயச் சார்பற்றவை. நடைமுறையில் அவை பெரும்பான்மையினரின் பாடசாலைகளே. கத்தோலிக்கர் அதனை ஆட்சேபித்துத் தமக்கெனப் பாடசாலைகளை நிறுவினர்; அவற்றுக்குப் பொதுப்பணத்தில் ஒரு பங்கும் கேட்டனர். 1844இல் பிலடெல்பியா நகரில் இப்பிணக்கு கலகமாக மூண்டு, கத்தோலிக்க தேவாலயங்கள் தீக்கிரையாயின. மறுபுறம், 1864இல் ஒன்பதாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் வெளியிட்ட தவறுகளின் பட்டியலில், திருச்சபையும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் ஒரு தவறாகக் கண்டிக்கப்பட்டிருந்தது. "கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானால், பாப்பரசரின் கட்டளைக்கும் அரசியலமைப்புக்கும் முரண் நேரும்போது எதற்குப் பணிவார்?" என்று கேட்டவர்களுள் துவேஷம் உடையோரே மிகப் பலர். ஆனால், கேள்விக்கு அடிப்படையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாதிருந்தது.

இக்கேள்விக்கு முதன்முதல் முகங்கொடுத்த பெருங்கட்சி அபேட்சகர், நியூயோர்க் மாநில ஆளுநராக நான்கு தவணை தெரிவுசெய்யப்பட்ட அல் ஸ்மித் ஆவார். 1927 ஏப்பிரிலில் சட்டத்தரணி ஒருவர் அற்லாந்திக் மாத இதழில் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பாப்பரசர்களின் நிருபங்களை எடுத்துக்காட்டி, இவற்றை ஏற்றுக்கொண்டு அரசியலமைப்புக்கு எவ்வாறு சத்தியஞ் செய்வீர் என வினவினார். மறுமாதமே அதே இதழில் ஸ்மித் விடையிறுத்தார். எல்லா மனிதருக்கும் முழுமையான மனச்சாட்சிச் சுதந்திரம் வேண்டும், அரசும் திருச்சபையும் முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும், பொதுப் பாடசாலை பேணப்பட வேண்டும் என்று தம் கொள்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். தாம் ஆளுநராக இருந்த காலத்திற் செய்த நியமனங்களையும் சான்றாகக் காட்டினார்.

விடை செம்மையானதுதான், ஆயினும் 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் அது எடுபடவில்லை. கூ குளுக்ஸ் கிளான் என்னும் கூட்டம் அவருக்கு எதிராக எரியும் சிலுவைகளை நாட்டியது. ஹெபேட் ஹூவர் 444 தேர்வாளர் வாக்குகளையும் ஸ்மித் 87 வாக்குகளையும் பெற்றனர். வழமையாக அவர் கட்சிக்கே வாக்களித்த தென்மாநிலங்களுட் சில, ரெக்சாஸ் உட்பட, அம்முறை அவரைக் கைவிட்டன. நாட்டின் அன்றைய செழிப்பும், மதுவிலக்கை அவர் எதிர்த்தமையும் தோல்விக்குப் பெருங்காரணங்கள் என்பதையும் மறத்தலாகாது. எனினும், கத்தோலிக்கர் ஒருவரை ஜனாதிபதி அபேட்சகராக்குவது பயனற்ற முயற்சி என்ற எண்ணம் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குக் கட்சித் தலைவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணத்தைத் தகர்க்க 1960இல் முன்வந்தவர் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் செனற் சபை உறுப்பினர் ஜோன் எவ். கென்னடி. அவ்வாண்டு மே 10ஆந் திகதி மேற்கு வேர்ஜீனியாவில் நடைபெற்ற கட்சிக்குள்ளான முன்தேர்தல் அவருக்கு முதற் சோதனை. அங்கு நூற்றுக்கு ஐவர் அளவினரே கத்தோலிக்கர். சமயம் பற்றிப் பேசாதிருப்பதே நலம் என்று சொன்ன ஆலோசகர்களும் இருந்தனர்; அவரோ வெளிப்படையாகப் பேசினார். அங்கே கிடைத்த வெற்றியினால் எதிர்த்து நின்ற ஹியூபேட் ஹம்பிறி போட்டியிலிருந்தே விலகினார்.

ஆயினும் ஐயம் ஓயவில்லை. செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரிற் கூடிய நூற்றைம்பது அளவான புரட்டஸ்தாந்த சமயத் தலைவர்கள், கத்தோலிக்க ஜனாதிபதி ஒருவர் தம் திருச்சபையின் நெருக்குதலுக்கு உட்படாதிருக்க முடியுமா என்று ஐயுற்று அறிக்கை விடுத்தனர். குவேக்கர் சபையைச் சேர்ந்த எதிர் அபேட்சகர் றிச்சட் நிக்சன், சமயத்தை ஒரு தேர்தற் பிரச்சினையாக்கக் கூடாது எனக் கூறியிருந்தார். ஆனால், அபேட்சகர் ஒதுக்கினாலும் மக்கள் மனத்திலுள்ள வினா ஒதுங்குவதில்லை. இந்நிலையிலேதான் 1960 செப்டெம்பர் 12ஆந் திகதி மாலை, ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரிலே, ரைஸ் ஹோட்டலிற் கூடியிருந்த புரட்டஸ்தாந்த போதகர் சங்கத்தாரின் முன்னிலையிற் கென்னடி எழுந்து நின்றார். உரை சிறியது, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்படாதது. அதன் பின்னர் போதகர்கள் கேட்ட வினாக்களுக்கும் அவர் விடையளித்தார். தொலைக்காட்சியும் அதனை மக்களிடம் கொண்டு சென்றது.

அவர் தொடங்கிய முறை கவனிக்கத் தக்கது. மேற்கு வேர்ஜீனியாவிற் கண்ட பசித்த குழந்தைகள், வைத்தியச் செலவுக்கு வழியற்ற முதியோர், நிலத்தைக் கைவிட வேண்டிய கமக்காரர், இவர்களைப் பற்றிய பிரச்சினைகளே தேர்தலின் மெய்யான பிரச்சினைகள் என்றார். பசிக்கும் அறியாமைக்கும் சமய எல்லைகள் இல்லை என்றார். ஆயினும் மற்றவை மறைக்கப்படும் அளவுக்குச் சமயப் பிரச்சினை வளர்ந்துவிட்டமையால், தாம் எந்தத் திருச்சபையை நம்புகிறார் என்பதையன்று, எத்தகைய அமெரிக்காவை நம்புகிறார் என்பதைச் சொல்ல வந்திருப்பதாகக் கூறினார். உரையின் முதுகெலும்பு இதுவே. "உமது சமயம் யாது?" என்ற வினாவை அவர் மெல்ல ஒருபுறம் வைத்துவிட்டு, "உமது அரசியற் கொள்கை யாது?" என்ற வினாவுக்கே விடையளித்தார்.

அவ்விடை ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. திருச்சபையும் அரசும் பிரிந்திருத்தல் முழுமையானது என்றார். கத்தோலிக்க மேற்றிராணியார் எவரும் ஜனாதிபதிக்குக் கட்டளையிடலாகாது. அவ்வாறே புரட்டஸ்தாந்த போதகர் எவரும் இன்னாருக்கு வாக்களியுங்கள் எனத் தம் சபையாருக்குச் சொல்லலாகாது என்றார். கட்டுப்பாடு ஒரு சாராருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை, கேட்டிருந்த போதகர்கள் முகத்துக்கு நேரே நயமாகச் சொன்ன இடம் இது. எந்தத் திருச்சபைக்கும் சபைப் பாடசாலைக்கும் பொதுப்பணம் வழங்கப்படலாகாது என்றும், வத்திக்கானுக்குத் தூதுவரை அனுப்புவதைத் தாம் எதிர்த்து வந்துள்ளதாகவும் எடுத்துக்காட்டினார். தாம் கத்தோலிக்கரின் அபேட்சகர் அல்லர். ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர். கத்தோலிக்கராகவும் இருக்க நேர்ந்தவர் என்று தம் நிலையை வரையறுத்தார்.

பின்னர் ஒரு படி மேலே சென்றார். தம் மனச்சாட்சியையோ நாட்டு நலனையோ ஒன்றை மீறியே தீரவேண்டிய நிலை எந்நாளாவது ஏற்படுமாயின், தாம் பதவியைத் துறப்பதாக உறுதி கூறினார். அத்தகைய முரண் நேரும் எனத் தாம் எண்ணவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆயினும் தேர்தலில் வெல்லும் பொருட்டுத் தம் சமயத்தை மறுக்கப் போவதில்லை என்பதையும் அதே மூச்சிற் சொன்னார். நான்கு கோடி அமெரிக்கர், தாம் ஞானஸ்நானம் பெற்ற நாளிலேயே ஜனாதிபதியாகும் வாய்ப்பை இழந்துவிட்டனர் என்று ஆகுமானால், தோற்பது தாமல்லர், நாடே தோற்கும் என்று எச்சரித்தார். போரில் தாம் பணிபுரிந்ததையும் தம் தமையனார் உயிர் துறந்ததையும் குறித்து, அப்போது இவர்களுக்கு இரட்டை விசுவாசம் உண்டென எவரும் ஐயுறவில்லையே என்றார். அதே மாநிலத்து அலமோக் கோட்டையில் 1836இல் வீழ்ந்தவர்களுள் கத்தோலிக்கர் யார், அல்லாதார் யார் என்று இன்று அறிவார் இல்லை. அங்கே சமயப் பரீட்சை நடைபெறவில்லை என்று அவர் சுட்டியபோது, அது ரெக்சாஸ் மக்களின் உள்ளத்தைத் தொட்டிருக்கும் என்பதிற் சந்தேகமில்லை.

நவம்பர் தேர்தலில் ஏறத்தாழ 6 கோடியே 88 இலட்சம் மக்கள் வாக்களித்தனர். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஓர் இலட்சத்துக்குச் சற்றே கூடியதுதான். தேர்வாளர் வாக்குகளில் கென்னடி 303உம் நிக்சன் 219உம் பெற்றனர். ரெக்சாசும் கென்னடியின் பக்கமே நின்றது. அவருடைய சமயம் அவருக்குச் சில வாக்குகளைக் கொணர்ந்தது, பல வாக்குகளைக் கெடுத்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஓர் உரையினால் துவேஷம் அழிந்துவிடவில்லை. ஐயம் மாத்திரமே கொண்டிருந்தவர்கள் தெளிவதற்கு ஒரு வழி பிறந்தது.

தேர்தல் மேடையிற் சொன்னது பதவியில் நிலைத்ததா என்பதே எப்போதும் கேட்கப்பட வேண்டிய வினா. 1961இற் கென்னடி பொதுப் பாடசாலைகளுக்கு மத்திய அரசின் நிதியுதவி வழங்கும் மசோதாவை முன்வைத்தார். அதிற் சபைப் பாடசாலைகளுக்கு மானியம் சேர்க்கப்படவில்லை. கத்தோலிக்க மேற்றிராணிமார் கடுமையாக எதிர்த்தனர். இறுதியில், பிரதிநிதிகள் சபையின் ஒழுங்குவிதிக் குழுவில் மசோதா எட்டுக்கு ஏழு என்ற வாக்கினால் முடங்கியது. அந்த எட்டாவது வாக்கை அளித்தவர், ஜனாதிபதியின் கட்சியைச் சேர்ந்த கத்தோலிக்கராகிய நியூயோர்க் உறுப்பினர் ஒருவரே. பாப்பரசருக்கு அடங்கி நடப்பார் என்று அஞ்சப்பட்ட ஜனாதிபதி, தம் திருச்சபைத் தலைவர்களுடனேயே பிணங்கித் தம் மசோதாவை இழந்தார்.

நம் நாட்டு நேயர்களுக்கு இவ்விடயத்தின் கனம் எளிதில் விளங்கும். அதே 1960ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கான சட்டம் நிறைவேறியது. மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் அதனால் அரசின் நிருவாகத்துக்குள் வந்தன. சபைகள் நடத்தும் பாடசாலைக்குப் பொதுப்பணம் கொடுப்பதா, கொடுத்தால் அதன்மீது அரசுக்கு உரிமை உண்டா என்ற வினா இரு நாடுகளிலும் எழுந்தது, விடைகள் வேறாயின. அங்கே அரசு பணங் கொடாது விலகி நின்றது. இங்கே பணங் கொடுத்த அரசு பாடசாலையையே எடுத்துக்கொண்டது.

1962 ஜூன் மாதத்தில் இன்னொரு சோதனை வந்தது. நியூயோர்க் மாநிலக் கல்விச் சபை இயற்றிக் கொடுத்த ஒரு சிறு பிரார்த்தனையைப் பொதுப் பாடசாலைகளிற் சொல்விப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நாடெங்கும் கொந்தளிப்பு. கென்னடியோ, நீதிமன்றத் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்றார். இதற்கு நம்மிடம் எளிய பரிகாரம் உண்டு, நாமே வீட்டில் இன்னும் மிகுதியாகப் பிரார்த்திக்கலாம், நம் பிள்ளைகளுடன் ஆலயத்துக்கு இன்னும் ஒழுங்காகச் செல்லலாம் என்ற கருத்துப்பட மறுமொழி கூறினார். பிரார்த்தனையை ஒழிப்பதன்று, அதனை உரியவர் கையில் ஒப்படைப்பதே பிரிவினையின் பொருள் என்பதை இதனிலும் எளிதாக விளக்குதல் அரிது.

இதற்கிடையில் திருச்சபையும் மாறியது. 1965 டிசெம்பர் 7ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. சமய விடயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்பதை அது மனிதரின் மாண்பில் நிலைநாட்டியது. அதன் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்டவர்களுள் ஒருவர் ஜோன் கோட்னி மறே என்னும் அமெரிக்க யேசு சபைக் குருவானவர். இருபதாண்டுகளாக அவர் அமெரிக்க அரசியலமைப்பின் அனுபவத்தைத் தம் திருச்சபைக்கு எடுத்துரைத்து வந்தவர்; இடையில் மேலிடத்தின் தடைக்கும் உள்ளானவர். 1864இற் தவறென்று பட்டியலிடப்பட்ட கருத்துக்கும் 1965ஆம் ஆண்டுப் பிரகடனத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நோக்குங்கால், அபேட்சகரை நோக்கி எழுந்த பழைய அச்சத்தின் வேரும் அறுந்தது எனலாம்.

ஆனால், வினா அழிந்துவிடவில்லை, திசை மாறியது. 1976இல் ஜிம்மி காட்டர் தாம் மறுபிறப்படைந்த கிறித்தவர் என வெளிப்படையாகக் கூறியே வாக்குக் கேட்டார். எனினும், தம் பப்ரிஸ்து மரபின்படி அரசையும் சமயத்தையும் பிரிப்பதில் உறுதியாக நின்றார். 1980 ஓகஸ்டில் டலஸ் நகரிற் கூடிய பெருந்தொகையான சுவிசேஷ போதகர்களின் முன்னிலையில் றொனால்ட் றேகன், நீங்கள் என்னை ஆதரிக்க இயலாது என்பதை அறிவேன், ஆயினும் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். ஹியூஸ்டனில் இருந்து டலசுக்கு ஏறக்குறைய 240 மைல். கென்னடி போதகர்களை அணுகியது தம்மை ஐயுறாதிருக்குமாறு வேண்டுதற்கு. றேகன் அணுகியது அவர்களை ஒரு வாக்குப் படையாகத் திரட்டுதற்கு.

2007 டிசெம்பர் 6ஆந் திகதி, மீண்டும் ரெக்சாஸ் மாநிலத்திலேயே, மோர்மன் சபையினராகிய மிற் றொம்னி தம் சமயம் பற்றி உரையாற்றினார். தம் சபைத் தலைவர் எவரும் ஜனாதிபதியின் தீர்மானத்தில் தலையிட மாட்டார் என்று கென்னடியைப் போலவே உறுதியளித்தார். ஆனால், பிரிவினைக் கொள்கையைச் சிலர் அதன் மூலப்பொருளுக்கு அப்பால் இழுத்து, பொதுவாழ்விலிருந்தே சமயத்தை அகற்ற முயல்கின்றனர் என்றும் குறைகூறினார். 2012இல், தாமும் கத்தோலிக்கராகிய றிக் சன்ரோறம் என்னும் அபேட்சகர், கென்னடியின் ஹியூஸ்டன் உரை தமக்குக் குமட்டலை உண்டாக்கிற்று என்றே கூறிவிட்டார். சமய நம்பிக்கை உள்ளவர்க்குப் பொது மன்றில் இடமில்லை என்று அவ்வுரை சொல்வதாக அவர் கொண்டார். இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு: அடிமை ஒழிப்புக்கும் கறுப்பின மக்களின் உரிமைக்கும் போராடியவர்கள் பலர் வேதத்தை ஓதியே போராடினர். மாட்டின் லூதர் கிங் ஒரு போதகர். ஆனால், நம்பிக்கையாற் தூண்டப்பட்டு எல்லார்க்கும் பொதுவான ஒரு நியாயத்துக்காக வாதிடுவது ஒன்று; ஒரு சபையின் நம்பிக்கையைச் சட்டத்தின் கைகொண்டு பிறர்மேற் சுமத்துவது வேறொன்று. ஹியூஸ்டன் உரை தடுக்க முற்பட்டது பின்னதையே.

இன்னுமொரு திருப்பத்தையும் கூற வேண்டும். 2004இல் கத்தோலிக்கராகிய ஜோன் கெரி போட்டியிட்டபோது, கருக்கலைப்புச் சட்டம் பற்றிய அவர் நிலையைக் காரணங் காட்டி, அவருக்கு நற்கருணை வழங்கலாகாது என மேற்றிராணிமார் சிலர் கூறினர். 2020இல் ஜோ பைடன் வென்று இரண்டாவது கத்தோலிக்க ஜனாதிபதியானபோதும் அவ்விவாதம் எழுந்தது. திருச்சபைக்குப் பணிந்துவிடுவாரோ என்று ஒரு காலத்தில் அயலார் அஞ்சினர். பணியவில்லையே என்று இப்போது திருச்சபையின் உள்ளிருந்தே சிலர் கடிந்தனர். சட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2022இல் மெயின் மாநில வழக்கொன்றில், தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு உதவும் மாநிலம், சமயப் பாடசாலை என்ற காரணத்தால் ஒன்றை விலக்கலாகாது என உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. சபைப் பாடசாலைக்குப் பொதுப்பணம் கூடாது என்று கென்னடி வரைந்த கோடு இவ்வாறு பெருமளவில் அழிந்தது. ஆறாம் உறுப்புரையோ அப்படியே இருக்கிறது. 1961இல், இறைவன் உளன் எனச் சத்தியஞ் செய்ய மறுத்த மேரிலாந்து மாநிலத்தவர் ஒருவருக்கு நொத்தாரிசு பதவியை மறுத்தது தவறென உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்து, மாநிலப் பதவிகளிலும் சமயப் பரீட்சைக்கு இடமில்லை என்பதை நிலைநாட்டியது.

எனவே, வாக்காளர் ஒருவர் எவ்வாறு வினவ வேண்டும்? ஆலயத்துக்குச் செல்கிறீரா, எந்த ஆலயத்துக்குச் செல்கிறீர் என்பன அபேட்சகரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. எல்லாரிடமும் அறவிட்ட வரிப்பணத்தை ஒரு சமயத்தாருக்கு மாத்திரம் செலவிடுவீரா? நும் சமயத் தலைவர் ஒன்றும் சட்டம் வேறொன்றும் சொன்னால் எதன்வழி நிற்பீர்? நியமனம் வழங்கும்போது விண்ணப்பதாரியின் சமயத்தைப் பார்ப்பீரா? நும் சமயத்தவர் அல்லாதார்க்கு விதிக்கும் கட்டுப்பாட்டை நும் சமயத்தவர்க்கும் விதிப்பீரா? இவையே கேட்க வேண்டியவை. கேட்டு விட்டாற் போதாது; அல் ஸ்மித் தம் நியமனப் பட்டியலைக் காட்டியது போலவும், கென்னடி தம் மசோதாவினாற் காட்டியது போலவும், சொல்லுக்குச் செயல் சான்றாக நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வினாக்களைத் தம் சமயத்தைச் சார்ந்த அபேட்சகரிடமும் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அயற்சமயத்தாரை ஐயுறுவது எளிது. நம்மவர் என்ற உரிமையோடு வருபவரிடம் கணக்குக் கேட்பதே கடினம். 1785இல் வேர்ஜீனியா மாநிலத்துப் பப்ரிஸ்து சபையார் அதனைச் செய்தனர். வரிப்பணத்திற் தம் போதகருக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்றிருந்தும், அப்பங்கை வேண்டாம் என்றனர். இன்று தமக்குச் சாதகமாக நீளும் அரசின் கரம், நாளை தம் கழுத்தையும் பற்றும் என்பதை அவர்கள் தம் முன்னோர் சிறைப்பட்ட வரலாற்றிலிருந்து அறிந்திருந்தனர்.